லட்சத்தீவுப் பயணம்: ஆறு நாட்களில் எத்தனை தீவுகள்?

பேரூரான்:
அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி மாதக் கடைசியில் குடும்பத்துடன் லட்சத்தீவுக்குச் செல்ல எண்ணியிருக்கிறேன். நானும் மனைவியும், பன்னிரண்டு வயது மகளும், எழுபத்தொரு வயதான அம்மாவும், அம்மாவின் தங்கையான சித்தியும் ஆக ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் உண்டு. படி ஏறுவதில் அவருக்குப் பெரிய சிரமம் இல்லை. இறங்கும்போதுதான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து இறங்குவார். சித்தி சுத்த சைவம்.

இந்தப் பயணத்துக்குக் காரணமே அம்மாதான். கோவையில் பிறந்து, கோவையிலேயே வாழ்ந்தவர். ராமேசுவரத்திலும் கன்னியாகுமரியிலும் கடலைப் பார்த்திருக்கிறார். ஆனால் "நாலு பக்கமும் கரையே தெரியாத கடலுக்கு நடுவில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும்" என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

என் திட்டம் இதுதான்: கோவையிலிருந்து ரயிலில் எர்ணாகுளம், அங்கிருந்து கப்பலில் கவரத்தி, பிறகு கல்பேனி, மினிக்காய், கட்மத், அகத்தி, பங்காரம், அகத்தியிலிருந்து விமானத்தில் கொச்சி. மொத்தம் ஆறு நாட்கள். மணிக்கணக்கில் ஓர் அட்டவணையும் தயாரித்துவிட்டேன். இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று அங்கே போய்வந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கடற்காகம்:
பேரூரான் அவர்களுக்கு, உங்கள் அட்டவணையைப் பார்க்காமலேயே சொல்கிறேன், அது நடக்காது. தவறாக எண்ண வேண்டாம். எட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே போல ஒன்றைத் தயாரித்து, சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் கப்பலேறினேன்.

தீவுக்குத் தீவு நாம் நினைத்த நேரத்தில் போக அங்கே பேருந்து போன்ற வசதி கிடையாது. கொச்சிக்கும் கவரத்திக்கும் இடையே 404 கிலோமீட்டர், அகத்திக்கு 459, மினிக்காய்க்கு 398. கப்பலில் ஏறினால், அது எந்தத் தீவுகளைத் தொட்டுச் செல்கிறது என்பதைப் பொறுத்து, பதினான்கு முதல் இருபது மணி நேரம் வரை ஆகும். மினிக்காய் மற்றத் தீவுகளிலிருந்து விலகித் தெற்கே தனியாகக் கிடக்கிறது. இடையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் அகலமுள்ள ஒன்பது பாகைக் கால்வாய் என்னும் ஆழ்கடல் இடைவெளி இருக்கிறது. உங்கள் திட்டப்படி இந்தக் கால்வாயை நீங்கள் இரண்டு முறை கடக்க வேண்டும். அதற்கே இரண்டு இரவுகள் போய்விடும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கப்பல்கள் சுற்றுலாவுக்காக மட்டும் ஓடுபவை அல்ல. தீவு மக்களுக்கு அவைதான் டவுன் பஸ். கொச்சியில் மருத்துவம் பார்த்துத் திரும்பும் நோயாளி, கல்லூரி விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவி, கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த குடும்பம் எல்லாரும் அதே பயணச்சீட்டுக்குத்தான் காத்திருக்கிறார்கள். ஆகவே இருக்கை கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் புறப்படும் தேதி மாறலாம்.

ஊஞ்சல்:
அந்தமானுக்குப் போகலாமே? விமானத்தில் இறங்கினால் வரிசையாகத் தீவுகள், கூடவே படகுகள். நான் போயிருக்கிறேன், எந்தச் சிக்கலும் இல்லை. சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் தமிழே போதும்.

பேரூரான்:
அந்தமானுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு போய்வந்துவிட்டோம், ஐயா. இந்த முறை லட்சத்தீவு என்று முடிவு செய்தாயிற்று.

தூத்தூர்க்காரன்:
நான் குமரி மாவட்டக் கடற்கரையைச் சேர்ந்தவன். எங்கள் ஊர்க்காரர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்காக லட்சத்தீவைச் சுற்றியுள்ள கடலுக்குத் தலைமுறையாகப் போய்வருகிறவர்கள். 2017 டிசம்பரில் ஒக்கிப் புயல் அடித்தபோது திசை தவறிய எங்கள் பக்கத்துப் படகுகள் பல கல்பேனி முதலிய தீவுகளில் ஒதுங்கின. அந்த மக்கள் எங்கள் ஆட்களுக்குச் சோறும் மாற்றுத் துணியும் கொடுத்ததை இன்றும் எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அந்த உரிமையில் ஒரு விஷயத்தை விளக்கமாகச் சொல்கிறேன். பேரூரான் அண்ணா தம் அட்டவணையில் எழுதாமல் விட்டதும் அதுதான்.

கப்பல் தீவுக்குப் போகும், ஆனால் பெரும்பாலும் கரைக்குப் போகாது. இந்தத் தீவுகள் எல்லாம் பவளப் பாறை வளர்ந்து உண்டானவை. நாங்கள் பார் என்று சொல்வோமே, அந்தப் பார் தீவின் ஒரு பக்கத்தில் பெரிய வளையமாக நிற்கிறது. வளையத்துக்கு உள்ளே நீர் இடுப்பளவோ இரண்டாளளவோ இருக்கும், குளம் போல் அசையாமல் கிடக்கும். லகூன் என்கிறார்களே, அது இதுதான். பெரும்பாலான தீவுகளில் இது மேற்குப் பக்கம் அமைந்திருக்கிறது. பாருக்கு வெளியே ஒரு கல் தொலைவு கூடப் போக வேண்டாம், கடல் சட்டென்று பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். கப்பல் அந்த ஆழத்தில்தான் நிற்கும். சில தீவுகளில் கிழக்குக் கரையில் துறை கட்டியிருக்கிறார்கள். கடல் அடங்கியிருந்தால் அங்கே அணைவதுண்டு. மற்றபடி, கப்பலின் வயிற்றுப் பக்கத்தில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கதவைத் திறப்பார்கள். அதன் அருகே மீன்பிடிப் படகு போன்ற ஒரு விசைப்படகு வந்து ஒட்டி நிற்கும். கதவிலிருந்து படகுக்குள் இறங்க வேண்டும்.

சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கப்பல் அசைவது வேறு கணக்கு, படகு அசைவது வேறு கணக்கு. நல்ல கடலிலேயே படகு ஒரு மீட்டர் ஏறும், ஒரு மீட்டர் இறங்கும். இந்த நொடி உங்கள் காலடியில் இருக்கும் பலகை அடுத்த நொடி இடுப்புயரப் பள்ளத்தில் இருக்கும். கப்பலில் இருவரும் படகில் இருவருமாக நின்று ஒவ்வொருவரையும் கைமாற்றுவார்கள். கைக்குழந்தையையும் அப்படித்தான் கொடுத்து வாங்குவார்கள். தீவுக்காரப் பாட்டிகள் சும்மா திண்ணையிலிருந்து இறங்குவது போல் இறங்கிவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே அது பழக்கம். ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து இறங்கும் உங்கள் அம்மாவுக்கு அது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் திட்டத்தில் அப்படி எத்தனை இறக்கம் இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள், பிறகு தீவுகளை எண்ணலாம்.

பேரூரான்:
எண்ணிப் பார்த்தேன். இறங்குவதும் ஏறுவதுமாக ஒன்பது வருகிறது. இதைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் எனக்குப் படித்த நினைவில்லை. மிக்க நன்றி, தம்பி.

நிலைமாடம்:
நான் அனுமதிச் சீட்டைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் நான் பட்டதை நீங்கள் பட வேண்டாம்.

1967ஆம் ஆண்டு விதிகளின்படி, தீவுகளைச் சேராத எவரும், இந்தியக் குடிமக்கள் உட்பட, முன்கூட்டியே நுழைவு அனுமதி பெற்றுத்தான் அங்கே போக முடியும். இணையவழியில் விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்றும் புகைப்படமும் வேண்டும். காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும் கேட்கப்படுவதுண்டு, அதை உங்கள் ஊரில் வாங்குவதற்கே சில வாரங்கள் ஆகலாம் என்பதால் முதலில் அதைத் தொடங்குங்கள். முக்கியமானது என்னவென்றால், அனுமதி பொத்தாம் பொதுவாக "லட்சத்தீவு" என்று கொடுக்கப்படுவதில்லை. எந்தெந்தத் தீவு என்று பெயர் குறித்துத்தான் கொடுப்பார்கள். சீட்டில் பெயர் இல்லாத தீவில் இறங்க முடியாது. இறங்கியவுடன் அந்தத் தீவின் காவல் நிலையத்தில் சீட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும்.

நான் ஒரு முகவரிடம் முன்பணம் கொடுத்து, எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். அவர் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே எழுத விரும்பவில்லை. பயணத் திட்டத்தில் கவரத்தியும் கட்மத்தும் இருந்தன. புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை கையில் வந்த சீட்டில் கவரத்தி மட்டும் இருந்தது. கேட்டால், "அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்" என்றார். அங்கே போய்ச் சேர்க்க முடியவில்லை. கட்மத்தில் கட்டிய தங்கும் பணம் திரும்பவில்லை, நாங்கள் ஐந்து நாட்களும் கவரத்தியிலேயே கழித்தோம். உண்மையைச் சொன்னால் அந்த ஐந்து நாட்கள் நன்றாகவே இருந்தன, ஆனால் அதற்காக முகவரை மன்னிக்க முடியாது.

கவரத்தியில் வேலை பார்த்தவன்:
நான் பணி ஓய்வு பெற்ற ஒரு தொழில்நுட்பப் பணியாளன். கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் சில காலம் இருந்தேன். சுற்றுலாக் குறிப்பு எழுத எனக்குத் தெரியாது. தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதுவும் பயணத் திட்டத்தில் சேர வேண்டிய ஒன்றுதான்.

லட்சத்தீவின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். மனிதர் குடியிருக்கும் தீவுகள் பத்து. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 64,473. அதாவது சதுர கிலோமீட்டருக்கு இரண்டாயிரம் பேருக்கும் மேல். அங்கே ஆறு இல்லை, ஓடை இல்லை, குன்று இல்லை. பெய்கிற மழை பவள மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. கடல் ஏறினால் கிணற்று நீரும் ஏறும், கடல் வடிந்தால் அதுவும் இறங்கும். மோட்டார் வைத்து வேகமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே வந்துவிடும், ஒருமுறை வந்தால் எளிதில் போகாது.

2005இல் கவரத்தியில் ஒரு நிலையம் அமைத்தார்கள். அதை வடிவமைத்தது சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தருவது. அதன் வேலை முறை மிக எளிமையானது. தூத்தூர்க்காரர் சொன்னாரே, பாருக்கு வெளியே கடல் சட்டென்று ஆழமாகிவிடும் என்று, அந்த ஆழம்தான் எங்களுக்கு வரம். கரைக்கு அருகிலேயே ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து நீண்ட குழாய் வழியாகக் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவர முடிகிறது. மேற்பரப்பு நீர் 28 பாகை வெப்பத்தில் இருக்கும், அடியிலிருந்து வருவது 12, 13 பாகைதான். காற்றை உறிஞ்சியெடுத்த கலத்துக்குள் மேற்பரப்பு நீரைத் தெளித்தால், அழுத்தம் குறைவாக இருப்பதால், தீ மூட்டாமலேயே அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும். அந்த ஆவி குளிர்நீர் ஓடும் குழாய்களில் பட்டு நன்னீராகச் சொட்டும். வேதிப்பொருள் ஏதும் வேண்டாம். கோடையில் மதிய நேரத்தில் அந்தக் குளிர்நீர்க் குழாயைத் தொட்டுப் பார்ப்பது எங்களுக்கு ஒரு பழக்கமாகவே ஆகியிருந்தது. வெளியே மணல் கொதிக்கும், குழாயின் மேல் பனிநீர் முத்து முத்தாகக் கோத்திருக்கும். 2011இல் மினிக்காயிலும் அகத்தியிலும் இதே முறையில் நிலையங்கள் அமைத்தார்கள்.

இவ்வளவையும் சொன்னது எதற்காக என்றால், நீங்கள் குளியலறையில் திறக்கும் குழாயின் மறுமுனையில் அந்த மெல்லிய வில்லைதான் இருக்கிறது. கடலில் குளித்துவிட்டு வந்து இரண்டு வாளி நன்னீரில் உடம்பைக் கழுவிக்கொண்டால் போதும். பிளாஸ்டிக் புட்டிகளைத் தீவில் விட்டுவராதீர்கள், ஏனெனில் குப்பை கொட்ட அங்கே இடம் இல்லை. ஆளுக்கு ஒரு எஃகுப் புட்டி கொண்டுபோங்கள்.

சித்தியின் உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோறு, பருப்பு, தேங்காய் மூன்றுக்கும் குறைவில்லை. காய்கறி கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் இரண்டு நாள் தாமதமானால் கடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மட்டும் மிஞ்சும். பருப்புப்பொடியும் ஊறுகாயும் ஒரு பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். நோன்பு மாதம் எப்போது வருகிறது என்று நாட்காட்டியைப் பாருங்கள். தீவு மக்கள் ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்கள், ஆகவே அந்த மாதத்தில் பகலில் உணவுக்கடை எதிர்பார்க்க முடியாது.

பேரூரான்:
ஐயா, பயணக் குறிப்பு எழுதத் தெரியாது என்று சொல்லிவிட்டு நீங்கள் எழுதியதை என் மகள் இரண்டு முறை படித்தாள். அந்த நிலையத்தை வெளியிலிருந்தாவது பார்க்க வேண்டும் என்கிறாள்.

இப்போது என் கேள்வியைத் திருத்திக் கேட்கிறேன். ஒரே ஒரு தீவு என்றால் எந்தத் தீவு? என் மனம் மினிக்காய் பக்கம் சாய்கிறது.

மாசிக்கருவாடு:
என் பெயரைப் பார்த்தே நான் யார் பக்கம் என்று தெரிந்திருக்கும். மினிக்காய்தான்.

அது லட்சத்தீவுக்குள் ஒரு தனி நாடு. மற்றத் தீவுகளில் மலையாளத்துக்கு நெருங்கிய ஜெசரி பேசுகிறார்கள். காது கொடுத்துக் கேட்டால் நமக்குப் பாதி புரிந்துவிடும். மினிக்காயில் பேசுவது மகல், அதாவது மாலத்தீவின் திவேகி மொழி. எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். தங்கள் தீவை அவர்கள் மாலிக்கு என்றுதான் அழைக்கிறார்கள். ஊர், அவா என்று சொல்லப்படும் சிறு கிராமங்களாகப் பிரிந்திருக்கிறது; ஒவ்வொன்றுக்கும் பொதுவீடும் மூப்பனும் உண்டு. ஆண்களில் பலர் வணிகக் கப்பல்களில் மாலுமிகளாக உலகம் சுற்றியவர்கள். தேநீர் கொடுத்த ஒரு பெரியவர் ஹாம்பர்க் துறைமுகத்தின் குளிரைப் பற்றி என்னிடம் அரை மணி நேரம் பேசினார்.

1885இல் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கே இன்றும் நிற்கிறது. உச்சிக்கு ஏறினால் ஒரு பக்கம் லகூனின் வெளிர்பச்சையும் மறுபக்கம் ஆழ்கடலின் கருநீலமும் நடுவில் தென்னந்தோப்புமாகத் தீவு முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடும்.

இனி மாசி. நம் ஊர்க் கடைகளில் மரக்கட்டை போல் கறுத்துக் கிடக்கும் மாசிக்கருவாட்டைச் சம்பலுக்கு இடித்துச் சாப்பிட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அது உண்டாகும் இடங்களில் ஒன்று மினிக்காய். விடியற்காலையில் லகூனுக்குள் சிறு வெள்ளி மீன்களை வலை போட்டுப் பிடித்து, உயிரோடு படகின் நீர்த்தொட்டியில் வைத்துக்கொள்வார்கள். வெளிக்கடலில் சூரை மீன் கூட்டத்தைக் கண்டதும் அந்தச் சிறு மீன்களை அள்ளி வீசுவார்கள். சூரை வெறி கொண்டு மேலே வரும். படகின் பின்பகுதியில் வரிசையாக நிற்பவர்கள் நீண்ட கழியில் கட்டிய தூண்டிலை நீரில் இட்டு எடுத்து, இட்டு எடுத்து, மீனைத் தலைக்குமேல் பின்னால் வீசுவார்கள். தூண்டிலில் எதிர்முள் கிடையாது, ஆகவே மீன் தானாகக் கழன்று படகுக்குள் விழும். யாரும் கையால் கழற்றுவதில்லை. கரைக்கு வந்ததும் கீறி, வேகவைத்து, புகையூட்டி, கல் போல் ஆகும் வரை வெயிலில் உலர்த்துவார்கள். அந்தப் புகை வாசனை என் பையிலிருந்து போக இரண்டு மாதம் ஆனது. மனைவிக்கு இன்னும் அதில் வருத்தம்.

கடற்காகம்:
மினிக்காயின் சிறப்பில் எனக்கு ஐயமில்லை, ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தாது என்று எண்ணுகிறேன். மினிக்காய்க்கு விமானம் இல்லை. போவதும் வருவதும் கப்பல்தான், கப்பல் வரும் நாளும் நம் கையில் இல்லை. மூட்டுவலி உள்ள அம்மாவையும் பள்ளிக்குத் திரும்ப வேண்டிய குழந்தையையும் வைத்துக்கொண்டு, "வியாழன் வரும் என்றார்கள், சனி வருமாம்" என்று துறையில் நிற்க முடியுமா?

லட்சத்தீவுக்கு விமான நிலையம் ஒன்றே ஒன்று, அது அகத்தியில். ஓடுபாதை ஏறத்தாழ 1,200 மீட்டர்தான் என்பதால் சிறிய விசிறி விமானங்களே இறங்கும். கொச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரம். தீவின் தென்முனையில் இருபுறமும் கடல் இருக்க, நடுவில் ஒரு கோடு போட்டாற்போல் ஓடுபாதை. இறங்கும்போது தண்ணீரில்தான் இறங்குகிறோம் என்று தோன்றும். அகத்தியில் தங்கி, ஒரு நாள் படகில் பங்காரம் போய்வரலாம். அம்மாவுக்கு முடியாவிட்டால் அவரும் சித்தியும் அகத்தியிலேயே இருக்கலாம், அங்கே மருத்துவமனையும் உண்டு.

மாசிக்கருவாடு:
விமானத்தில் போய் விமானத்திலேயே திரும்பினால், கரை தெரியாத கடலின் நடுவில் நிற்க வேண்டும் என்ற அம்மாவின் ஆசை என்ன ஆவது? பல்லாயிரம் அடி உயரத்திலிருந்து சன்னல் வழியே பார்ப்பதற்குப் பெயர் நிற்பதா? அந்த ஆசைக்காகத்தான் பயணமே என்று அவர் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். நாம் அதை மறந்துவிட்டுத் தீவைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

நிலைமாடம்:
இதற்கு அரசு சுற்றுலா அமைப்பின் சமுத்திரம் பயணம் ஒரு வழி. எம்.வி. கவரத்தி கப்பலில் ஐந்து நாட்கள். இரவில் கப்பல் ஓடும், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று ஒவ்வொரு தீவாக இறக்கி மாலையில் ஏற்றிக்கொள்வார்கள். அனுமதிச் சீட்டையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தூத்தூர்க்காரன்:
அதில் மூன்று இறக்கம், மூன்று ஏற்றம், திரும்பவும் படகிலிருந்து துறைக்கு ஏறுவது வேறு. திடமான உடம்புக்காரர்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. இவர்களுக்கு வேண்டாம்.

பவளப்பூச்சி:
இடையில் ஒரு சிறு குறிப்பு. மகளுக்கு முகமூடியும் மூச்சுக்குழலும் கொச்சியிலேயே அளவு பார்த்து வாங்கிவிடுங்கள். பெரியவர்களுக்கான முகமூடி குழந்தை முகத்தில் நிற்காமல் நீர் புகுந்துவிடும். பவளத்தின் மேல் கால் ஊன்றக் கூடாது என்று முன்னதாகவே சொல்லி வையுங்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டாக இருந்தாலும் பையில் போடக் கூடாது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் புலிக்கு நிகரான முதல் அட்டவணையில் இருக்கிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் ஏறிப் பவளங்கள் வெளுத்துப் போயின, 2024இலும் அப்படியே. ஆகவே படங்களில் பார்த்த நிறங்களை எல்லா இடத்திலும் எதிர்பார்த்து அவள் ஏமாறாமல் இருக்கட்டும். மீன்களுக்குக் குறைவில்லை.

பேரூரான்:
அனைவரும் எழுதியதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து உரக்கப் படித்தோம். கைமாற்றும் இடத்தைக் கேட்டு அம்மா சிரித்தார். "என்னை மூட்டை மாதிரிக் கொடுத்து வாங்குவார்களா" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு தடவை என்றால் சரி" என்றார்.

எனவே புதிய திட்டம் இதுதான். கொச்சியிலிருந்து கப்பலில் நேராக அகத்தி. அங்கே அனுமதி பெற்ற ஒரு வீட்டுத் தங்கலில் நான்கு இரவுகள். நானும் மனைவியும் மகளும் ஒரு நாள் பங்காரம் போய்வருவோம். பிறகு விமானத்தில் திரும்புவோம். ஒரே ஓர் இறக்கம். அனுமதிச் சீட்டில் அகத்தி, பங்காரம் என்று இரண்டு பெயர்களையும் கேட்டு விண்ணப்பிக்கிறேன். கவரத்தி நிலையத்தைப் பார்க்க முடியாது, ஆனால் அகத்தியிலும் ஒன்று இருக்கிறது என்று மகளைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

நன்னீர் நாரை:
ஆறு நாட்களை ஏழாக்கிக்கொள்ள முடிந்தால் நல்லது. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி வந்தபிறகு இணையம் முன்னைவிட எவ்வளவோ மேல், இருந்தாலும் கைப்பேசியில் பணம் செலுத்திக்கொள்ளலாம் என்று அதையே நம்பி இருக்க வேண்டாம்.

தூத்தூர்க்காரன்:
அண்ணா, திட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். விமானத்தில் போய்க் கப்பலில் திரும்புங்கள்.

அம்மாவுக்கு ஏறுவதில் சிரமம் இல்லை, இறங்குவதில்தான் சிரமம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போகும்போது கப்பல் என்றால் அவர் நடுக்கடலில் கப்பலிலிருந்து படகுக்கு இறங்க வேண்டும். திரும்பும்போது கப்பல் என்றால் படகிலிருந்து கப்பலுக்கு ஏறுவார். அகத்தித் துறையில் படகுக்குள் இறங்குவது ஒன்று இருக்கும், ஆனால் அது லகூனுக்குள், அசையாத நீரில். ஒரு நாற்காலி போட்டால்கூட இறங்கிவிடலாம். கொச்சியில் கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்கும், கைப்பிடி வைத்த படிக்கட்டு உண்டு, அதில் அவர் தம் வழக்கப்படி பக்கவாட்டில் திரும்பி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு இறங்கலாம்.

தேதி மாறுவதற்கும் இதுவே நல்லது. போகும்போது கப்பல் தாமதமானால் தீவில் தங்கும் நாட்கள் குறையும், அங்கே கட்டிய பணமும் வீணாகும். திரும்பும்போது தாமதமானால் கோவைக்குப் போகும் ரயில் சீட்டு மட்டும்தான் வீணாகும், தீவில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே எர்ணாகுளத்திலிருந்து ரயிலுக்கு முன்பதிவு செய்யாதீர்கள், பேருந்தில் போய்க்கொள்ளலாம். அனுமதிச் சீட்டின் கடைசித் தேதியை மட்டும் இரண்டு மூன்று நாள் தள்ளிக் கேளுங்கள்.

கப்பலில் நால்வர் அறையாக வாங்கினால் அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்கும்படி கேட்டுப் பெறுங்கள். வாந்திக்கான மாத்திரையைக் கப்பலேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், தலை சுற்றத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. அம்மாவுக்கும் சித்திக்கும் எது ஒத்துக்கொள்ளும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் கிழக்கு நோக்கி வருவதால் மாலையில் சூரியன் பின்னால் இறங்கும், காலையில் முன்னால் எழும். ஐந்து மணிக்கே எழுப்பி மேல்தளத்துக்கு அழைத்துப் போங்கள். கொச்சி நெருங்கிவிட்டால் மீன்பிடிப் படகுகள் தெரியத் தொடங்கிவிடும், பிறகு அது வெறும் கடல் இல்லை.

படகிலிருந்து ஏறும்போது அம்மா செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையில் பை எதுவும் இருக்கக் கூடாது. சேலையைவிடச் சுடிதார் நல்லது; சேலைதான் என்றால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளட்டும். செருப்பைக் கழற்றி உங்கள் மகளிடம் கொடுத்துவிடலாம். கப்பலில் நிற்பவர் கையை நீட்டினால் விரல்களைப் பிடிக்கக் கூடாது, அது வழுக்கும். அவர் முழங்கைக்குக் கீழே பிடிக்க வேண்டும், அவரும் அங்கேதான் பிடிப்பார். படகு மேலே ஏறி ஒரு கணம் நிற்கும், அப்போது "ம்" என்பார்கள், அந்த நேரத்தில் காலை எடுத்து வைத்தால் போதும். கீழே இறங்கும்போது வைக்கவே கூடாது. முதல் அலையில் தயக்கமாக இருந்தால் வைக்க வேண்டாம், அடுத்த அலை வரும், அதுவரை பின்னால் நிற்பவர்கள் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

பேரூரான்:
திருப்பிப் போட்டுவிட்டேன், தம்பி. அம்மா இப்போதே வீட்டுத் திண்ணையில் மகளின் முழங்கையைப் பிடித்து ஏறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளைக் காலை நன்னடத்தைச் சான்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்.